சகாயமேரி அக்காவின் ரப்பர் ஸ்டாம்ப்

சகாயமேரி அக்கா இறந்த செய்தி, ஒன்பது வருஷம் அவரே எடுத்துப் பேசிய புகார்த் தொலைபேசியில்தான் எங்களுக்கு வந்தது. நாகர்கோவிலில் ஒரு டிவி கம்பெனியின் சர்வீஸ் சென்டர் அது. நான் அங்கே மேனேஜர். அன்று காலை நான் உள்ளறையில் உதிரிபாகக் கிடங்குக்காரரோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். வெளியே புதிதாகச் சேர்ந்த பெண், தனக்குச் சொல்லிக்கொடுத்த வரிசைப்படி, "பேரு சொல்லுங்க, என்ன மாடல், என்ன கம்ப்ளெய்ண்ட்?" என்று கேட்டிருக்கிறாள். மறுமுனையில் அக்காவின் மகள். "கம்ப்ளெய்ண்ட் ஒண்ணும் இல்ல பிள்ளே. அம்மா போயிட்டா. ராஜன் சார்ட்ட சொல்லிருங்கோ." அந்தப் பெண் புகார்த்தாளை எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். பெயருக்கான இடத்தில் 'சகாயமேரி, மணக்குடி' என்று எழுதியிருந்தாள். மற்ற கட்டங்கள் எல்லாம் காலியாக இருந்தன.

அக்காவோடு வேலை பார்த்தவர்களுக்கும், முகம் பார்க்காமல் குரலை மட்டும் கேட்டுப் பழகிய இந்த மாவட்டத்து வாடிக்கையாளர்களுக்கும் இதை எழுதுகிறேன். முப்பதாம் நாள் பூசையும் முடிந்துவிட்டது. இறந்தவர்களைப் பற்றி நல்லதை மட்டும் சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு அக்கா மேல் கோபம் தீரவில்லை. என் மேலும் தீரவில்லை. அதனால் இது அஞ்சலி மாதிரி இல்லாமல் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிக்சர் டியூப் டிவி போய்த் தட்டை டிவி வரத் தொடங்கிய காலத்தில் அக்கா வேலைக்கு வந்தார். கணவர் சேவியர் அண்ணன் போட் இன்ஜின் மெக்கானிக். மூத்தவள் மகள், அடுத்து ஒரு மகன். அக்கா பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர். கல்யாணம், பிள்ளைகள் என்று பன்னிரண்டு வருஷம் அந்தச் சான்றிதழைப் பெட்டியில் வைத்திருந்தார். நேர்முகத்துக்கு வந்தபோது "இத்தனை வருஷம் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டேன். "வீட்டுல ரெண்டு பிள்ளையளும் ஒரு மெக்கானிக்கும் உண்டு சாரே. மூணு பேருக்கக் கம்ப்ளெய்ண்டையும் நான்தான் கேட்டேன்" என்றார். மறுநாளே தொலைபேசி அவர் கைக்குப் போனது.

சில வருஷங்களில் ஒரு புதுவகைப் புகார் வரத் தொடங்கியது. விஷயம் இதுதான். பெரிய பெரிய கம்பெனிகள் எல்லாம் ஒன்றுகூடி ஒரு பொது விதி வகுத்தன. ஒரே வீட்டிலுள்ள டிவி, கம்ப்யூட்டர், செல்போன், கேமரா எல்லாம், எந்தக் கம்பெனிச் சரக்காக இருந்தாலும், வீட்டு மோடம் வழியாக ஒன்றையொன்று கண்டுபிடித்துக்கொள்ளும்; ஒன்றிலுள்ள படத்தையும் பாட்டையும் இன்னொன்றில் பார்க்கலாம், கேட்கலாம். இந்த விதிக்கு உட்பட்ட பொருள்களின் அட்டைப்பெட்டியில் ஒரு முத்திரைக் குறி போட்டிருக்கும். வளைகுடாவிலிருந்து வருகிற பிள்ளைகள் அந்தக் குறியைப் பார்த்துத்தான் டிவி வாங்கி வந்தார்கள். வீட்டில் கொண்டு வைத்துப் போட்டால், சேராது. உடனே எங்களுக்குப் போன்.

பூதப்பாண்டியில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். பக்கத்து அறைக் கம்ப்யூட்டரை டிவி கண்டுபிடிக்கவில்லை என்று மூன்று முறை ஆள் அனுப்பச் சொன்னார். போன ஆள் இருக்கும்போதெல்லாம் எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும். ஆள் திரும்பி பஸ் ஏறியதும் நின்றுவிடும். மூன்று பேரும் மண்டையைப் பிய்த்துக்கொண்டு வந்தார்கள். நான்காவது போனில் அக்கா கேட்டார்: "சாரே, எங்க ஆளு வரும்போ மோடத்தை எங்கருந்து எடுத்துக் காட்டுவிய?" "பீரோவிலிருந்துதான். சாவி என்னிடம்தானே இருக்கிறது." மகன் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த பொருள் என்று, இடிக்கும் திருட்டுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் பயந்து, இரும்பு பீரோவின் பின்தகட்டில் துளை போட்டு, வயர்களை உள்ளே விட்டு, மோடத்தைப் பட்டுச்சேலைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டியிருக்கிறார். எங்கள் ஆள் வந்தால் பீரோ திறந்திருக்கும். போனதும் பூட்டிவிடுவார்; இரும்பைத் தாண்டி மோடத்தின் சிக்னல் வெளியே வராது. அக்கா சிரிக்கவில்லை. "பீரோவை இன்னைக்கு ஒருநா திறந்து வச்சிருங்க சாரே. மோடத்துக்கும் காத்து வேண்டாமா?" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டு, பிறகு சாப்பாட்டு அறைக்குள் போய் சிரிப்பு அடங்கும்வரை இருந்துவிட்டு வந்தார்.

அப்புறம் மின்வெட்டுக் காலம் வந்தது. நம்மூர் வீடுகளில் இன்வெர்ட்டர் வாங்கி டிவிக்கும் ஃபேனுக்கும் இணைப்புக் கொடுத்தார்கள். மோடத்துக்கு யாரும் கொடுக்கவில்லை. மூலையில் கிடக்கிற அந்தச் சின்னப் பெட்டிக்கும் டிவிக்கும் என்ன சம்பந்தம் என்று யாருக்கும் தோன்றவில்லை. கரண்ட் போனால் மோடம் செத்துவிடும், டிவி மட்டும் முழித்துக்கொண்டு கம்ப்யூட்டரைத் தேடும். கரண்ட் வந்த பிறகும் மோடம் எழுந்து வர இரண்டு நிமிஷம் ஆகும். அதற்குள் டிவி தேடிப் பார்த்துவிட்டுக் கைவிட்டிருக்கும். முதலில் மோடம், அடுத்து கம்ப்யூட்டர், கடைசியில் டிவி என்று வரிசையாகப் போட வேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் நம் மக்களுக்குப் பொறுமை கிடையாது. மோடத்தைப் போட்ட கையோடு டிவியைப் போடுவார்கள். "ரெண்டு நிமிஷம் ஆயிட்டு" என்று பத்து வினாடியில் சொல்வார்கள்.

அக்கா அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். கடற்கரை வீடுகளிலிருந்து போன் வந்தால், "மோடத்தைப் போட்டுட்டு பத்து அருள்நிறைந்த மரியே செபம் சொல்லுங்கோ. முழுங்காமச் சொல்லணும். அதுக்குப் பொறவு கம்ப்யூட்டர். இன்னும் ஒரு பத்து. அதுக்கப்புறம்தான் டிவி" என்பார். மற்ற வீடுகளென்றால், "அரிசியைக் களைஞ்சு உலையில போட்டுட்டு வாங்கோ" என்பார். எங்கள் கம்பெனி அச்சடித்துக் கொடுத்த நாற்பது பக்கக் கையேடு செய்யாத வேலையை இந்த இரண்டு வரி செய்தது. பங்குச்சாமியாரே ஒருமுறை போன் செய்து, தன் வீட்டு டிவிக்கும் இதே வைத்தியம்தானா என்று கேட்டார். "உங்களுக்குப் பத்து காணாது சாமி, நீங்க வேகமாச் சொல்லுவிய" என்றார் அக்கா.

இப்படியே போயிருந்தால் நானும் இந்தக் கட்டுரையைச் சிரித்துக்கொண்டே முடித்திருப்பேன். போகவில்லை. ஏனென்றால் மோடமும் சரி, வரிசையும் சரி, டிவியும் சரி, கம்ப்யூட்டரும் சரி என்றிருக்கும் வீடுகளிலும் படம் வரவில்லை.

களியக்காவிளையிலிருந்து ஓர் அம்மா. மகள் கல்யாண வீடியோ கம்ப்யூட்டரில் இருக்கிறது. டிவி அந்தக் கம்ப்யூட்டரைக் கண்டுபிடிக்கிறது. 'கல்யாணம்' என்று ஃபைலின் பெயரையும் காட்டுகிறது. அமுக்கினால், இந்த ஃபைலைத் திறக்க முடியாது என்கிறது. பெயரைக் காட்டுவானேன், பிறகு இல்லை என்பானேன்? அக்கா மூன்று நாள் இதன் பின்னால் அலைந்து, கம்பெனி தாள்களை எல்லாம் புரட்டிக் காரணத்தைக் கண்டுபிடித்தார். அந்தப் பொது விதி, பொருள்கள் ஒன்றையொன்று கண்டுபிடிப்பதற்கு உத்தரவாதம் தருகிறது. ஆனால் எந்தெந்த வகை வீடியோவைக் கட்டாயம் திறக்க வேண்டும் என்று வந்தால், பெயருக்குச் சில வகைகளை மட்டும் சொல்லிவிட்டு, மீதியை அந்தந்தக் கம்பெனி இஷ்டத்துக்கு விட்டுவிட்டது. கேமராக்காரன் ஒரு வகையில் பிடிக்கிறான், டிவிக்காரன் வேறு நாலு வகையைத் திறக்கிறான். இரண்டு பெட்டியிலும் ஒரே குறி. வாங்குகிறவனுக்கு இது எப்படித் தெரியும்? பெட்டியில் எங்கேயும் எழுதவில்லையே! "பத்துப் பொருத்தமும் பாத்துக் கெட்டி வச்சாச்சு. மாப்பிள்ளையும் பொண்ணும் பேசல்லே. எந்தப் பொருத்தத்தைக் குறை சொல்லுதது?" என்றார் அக்கா.

ஒரு டிவியில் புகார் வந்தால், அதை முடிக்கும்போது தாளில் மூன்று கட்டங்களில் ஒன்றில் டிக் போட வேண்டும். பழுது நீக்கப்பட்டது. உதிரிபாகம் மாற்றப்பட்டது. குறை ஏதுமில்லை. அந்த அம்மாவின் புகாருக்கு நான் மூன்றாவது கட்டத்தைக் காட்டினேன். டிவியில் குறை இல்லைதானே? கம்ப்யூட்டர்காரர்களும் தங்கள் தாளில் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். குறித்த நாளுக்குள் புகாரை முடிக்காவிட்டால் தலைமை அலுவலகம் என் கழுத்தில் ஏறும். அக்கா பேனாவைக் கீழே வைத்தார். "அந்தப் பொம்பிள மகளுக்கக் கல்யாணத்தைப் பாக்க முடியல்ல. நீங்க குறை இல்லைன்னு எழுதச் சொல்லுதிய. அப்ப அவ கண்ணிலயா குறை?"

ஸ்டுடியோவில் கொடுத்து வீடியோவை வேறு வகைக்கு மாற்றி வாங்கச் சொல்லி, அந்த அம்மாவின் காரியத்தை அக்காவே முடித்துக் கொடுத்தார். ஆனால் தாளில் டிக் போடவில்லை. அடுத்த வாரம் மணிமேடைப் பக்கம் ஒரு கடையில் ரப்பர் ஸ்டாம்ப் செய்து கொண்டுவந்தார். 'இரண்டும் நல்லவை. ஒன்றோடொன்று பேசவில்லை.' ஊதா மையில் அழகாக விழும். அந்த மாதம் இந்த வகைப் புகார் ஒவ்வொன்றிலும், மூன்று கட்டத்தையும் விட்டுவிட்டு, கீழே அதைக் குத்தி அனுப்பினார். நான் பார்க்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். பார்க்காமல் கையெழுத்துப் போடுவது என் பழக்கம்.

தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. அரைமணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். வெளியே வந்து, எல்லார் முன்னாலும், அக்காவிடம் கத்தினேன். "இது என்ன பஞ்சாயத்து ஆபீசா? இஷ்டத்துக்கு முத்திரை குத்துவதற்கு?" என்று கேட்டேன். ஸ்டாம்பைப் பிடுங்கி என் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். அக்கா அடுத்த போனை எடுத்தார். எல்லாரும் போன பிறகு, என்னைச் சார் என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு, தம்பியிடம் பேசுகிற மாதிரிச் சொன்னார்: "மக்கா, நான் உன்னைக் குத்தம் சொல்லல்லே. கட்டம் மூணுதான் இருக்கு, நாலாவது ஒண்ணு வேணும்னு சொல்லுதேன். அவ்வளவுதான்."

நாலாவது கட்டம் கேட்டுக் கம்பெனிக்குக் கடிதமும் எழுதினார். பெட்டியின் மேல், இந்த டிவி இன்னின்ன வகை வீடியோவைத்தான் திறக்கும் என்று அச்சடிக்கச் சொல்லியும் கேட்டிருந்தார். இரண்டு வரியில் பதில் வந்தது. எங்கள் தயாரிப்புகள் யாவும் பொது விதிக்கு உட்பட்டவை, தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. அக்கா அதைச் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டி வைத்தார். ஆறு மாதம் அதைப் பார்த்துக்கொண்டேதான் நாங்கள் சோறு தின்றோம்.

பிறகு சர்க்கரை வியாதி முற்றி, கண் மங்கி, சிறுநீரகமும் கெட்டு, அக்கா வேலையை விட்டார். முதல் வருஷம் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். அப்புறம் போகவில்லை. வேலை இருந்தது என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள், அக்கா நம்பமாட்டார்.

அடக்கத்துக்குப் பிறகு மணக்குடி வீட்டில் சேவியர் அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னதை இங்கே எழுதுகிறேன். மஸ்கட்டில் இருக்கும் மகனுக்குக் குழந்தை பிறந்து, அங்கேயே கோவிலில் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அந்த வீடியோவை மகன் தன் கேமராவில் எடுத்து, படம் சேமிக்கிற ஒரு சின்னப் பெட்டியில் போட்டு, லீவில் ஊருக்கு வந்த சிநேகிதன் கையில் கொடுத்துவிட்டிருக்கிறான். அக்காவுக்கு செல்போன் திரையில் எதுவும் தெரியாத நிலைமை. பெரிய டிவியில், கிட்டத்தில் உட்கார்ந்தால் கொஞ்சம் தெரியும். டிவி எங்கள் கம்பெனிதான். டிவியிலும் பெட்டியிலும் அதே குறி. அண்ணன் மோடத்தில் பெட்டியை மாட்டினார். அக்கா கட்டிலில் இருந்தபடியே பத்துப் பத்து அருள்நிறைந்த மரியே சொல்லி, ஒவ்வொன்றாக வரிசைப்படி போட வைத்தார். 'ஞானஸ்நானம்' என்று பெயர் வந்தது. அமுக்கினால் திறக்க முடியாது என்றது.

"ஸ்டுடியோவுல குடுத்து மாத்திட்டு வாறேன்னு சொன்னேன் தம்பி. 'வேண்டாம், முதல்ல நம்பருக்குக் கூப்பிட்டுக் கம்ப்ளெய்ண்ட் எழுதும், என்ன எழுதுதாவன்னு பாப்போம்'னு சொல்லிட்டா. உம்மக் கூப்பிடட்டான்னு கேட்டேன். 'ஊருல எல்லாரும் ராஜனையா கூப்பிடுதாவ? நம்பருக்குத்தானே கூப்பிடுதாவ'ன்னா."

அண்ணன் தன் பெயரில் புகார் கொடுத்தார். எங்கள் ஆள் போனார். வேலைக்குப் புதிது, அக்காவைத் தெரியாது. தன் பென்டிரைவில் இருந்த பாட்டைப் போட்டுப் பார்த்தார், பாடியது. டிவி நன்றாக இருக்கிறது என்று சொல்லி, புகார்த்தாளை வீட்டில் கொடுத்து எழுதி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அடுத்த வாரம் அக்காவை ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு டிவியைப் பற்றி யாரும் பேசவில்லை. கடைசி நாள்களில் மகன் செல்போனில் அந்த வீடியோவை அனுப்பி வைத்தான். மகள் அதைக் காதுக்குப் பக்கத்தில் பிடித்தாள். குழந்தை அழுகிற சத்தம் மட்டும் கேட்டது. "தண்ணி ஊத்தியாச்சு போல" என்று அக்கா சொன்னாராம். பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்க்காமலேதான் போனார்.

மறுநாள் அலுவலகத்துக்குப் போய், முடிந்த புகார்களின் கட்டை அவிழ்த்துத் தேடினேன். சேவியர், மணக்குடி. மூன்றாவது கட்டத்தில் டிக். கீழே என் கையெழுத்து. வாடிக்கையாளர் கருத்து என்ற இடத்தை யாரும் நிரப்புவதில்லை, அதில் நிரப்பியிருந்தது. வரி கோணிக் கோணிப் போயிருந்தாலும் யார் எழுத்து என்று எனக்குத் தெரியும். கண் தெரியாமல் தடவித் தடவி எழுதியிருக்கிறார். 'இரண்டும் நல்லவைதான்.' அதற்கு மேல் எழுதவில்லை. மீதி என் இழுப்பறையில் கிடக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

மணக்குடியிலிருந்து அந்தப் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்து ஸ்டுடியோவில் கொடுத்தேன். ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு டீ! முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்தவர்கள் எல்லாரும் அந்த வீட்டு டிவியில் ஞானஸ்நானம் பார்த்தார்கள். படம் கண்ணாடி மாதிரி இருந்தது. நான் முற்றத்தில் போய் நின்றுகொண்டேன். ஒரே ஒரு போன் செய்திருக்கக் கூடாதா அக்கா? இத்தனை பிடிவாதமா? ஆனால் அந்தப் பிடிவாதம் என்ன கேட்டது என்றும் எனக்குத் தெரியும். தெரிந்தவர்களுக்கு ஒரு வழியும், நம்பருக்குக் கூப்பிடுகிறவர்களுக்கு ஒரு டிக்குமாக நான் நடத்திக்கொண்டிருந்த கடையைத்தான் அவர் கடைசியாக ஒருமுறை சோதித்துப் பார்த்தார்.

அவர் நினைவாக என்ன வைத்திருக்கிறேன் என்று கேட்பீர்கள். போட்டோ இல்லை. சாப்பாட்டு அறைக் கடிதம் வெள்ளையடித்தபோது போய்விட்டது. ஸ்டாம்ப் இருக்கிறது. மை காய்ந்து கிடந்தது. புது மை ஊற்றி, சேவியர் அண்ணன் பெயரிலிருந்த அந்தப் புகார்த்தாளில் மூன்றாவது கட்டத்து டிக்கைக் கோடு போட்டு அழித்துவிட்டு, கீழே குத்தினேன். முடிந்த புகாரைத் திரும்பத் திறந்ததாக எழுதித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். ஸ்டாம்பைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் வைத்து, எப்போது குத்த வேண்டும் என்று புதுப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

இரண்டு முறை கேட்டுவிட்டார்கள். மணக்குடிப் புகார் இன்னும் முடியாமல் நிற்கிறதே, வாடிக்கையாளர் என்ன சொல்கிறார் என்று. வாடிக்கையாளர் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறேன். அதை நான் முடிப்பதாக இல்லை.